பழுப்பேறிய பேனல்

அத்தியாயம் ஏழு

“செத்த ஆளுக்கு நாப்பதுக்கு மேல இருக்கும். கொன்ன ஆளுக்கு ரெண்டே வயசுதானுங்க சார். லேபிள்ல அப்படித்தான் போட்டிருக்குது” என்றாள் உண்ணாமலை.

கோழித் தீவனக் குடோனின் சுவரில் சாய்த்து வைத்திருந்த சோலார் பேனலின் முதுகுப் பக்கம் அவள் குனிந்திருந்தாள். தீனதயாளன் தீவன மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த மில், கவிழ்ந்த லாரி, நனைந்த நூல் மூட்டை என்று பார்த்துப் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைத் துப்பறிவாளர் என்ற பெயரில் சேலம் ஐந்து ரோட்டில் ஓர் அறை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடுவதுபோல ஓர் அலுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அலுப்புத்தான் சில சமயம் ஏமாற்றியும் விட்டது.

உண்ணாமலை அவருடைய உதவியாளர், ஓட்டுநர், டைப்பிஸ்ட் எல்லாம். திருச்செங்கோட்டுக்காரி. அப்பா போர்வெல் வண்டி ஓட்டியவர் என்பதால் எந்த வண்டியையும் எந்தப் பாதையிலும் ஓட்டுவாள். பேர்தான் உண்ணாமலை, வழியில் எந்தக் கடையையும் விட்டுவைக்க மாட்டாள்.

வழக்கு இதுதான். மல்லசமுத்திரத்தை ஒட்டிய இந்தப் பண்ணையில், குடோனின் மொட்டை மாடியில் சோலார் பேனல்கள் வரிசையாக நிற்கின்றன. கோழித் தூசி படிந்தால் கரண்ட் குறையும் என்று சின்னான் என்ற வேலையாள் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுவார். ஒருநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, ஈரக் கையோடு ஒரு பேனலின் சட்டத்தைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. அதையும் அதன் இரு பக்கத்துப் பேனல்களையும் சேர்த்து மூன்றில் கரண்ட் கசிந்திருந்தது. பேனல்களைப் போட்டுக்கொடுத்த ஷாலினி என்ற பெண், ‘தரமில்லாத சரக்கை விற்று உயிர்ச்சேதம் விளைவித்தார்’ என்று கைதாகி, சேலம் பெண்கள் சிறையில் ரிமாண்டில் இருக்கிறாள். சொந்தமாகத் தொழில் தொடங்கி மூன்றாவது வருடம்.

காலையில்தான் அவளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: “அந்த மூணு பேனலும் நான் போட்டது இல்ல சார். போன கோடையில காத்து மழையில என்னோடது மூணு உடைஞ்சுது. முதலாளி கூப்பிட்டாரு, வந்து பார்த்து விலை சொன்னேன். அப்புறம் அவரு கூப்பிடவே இல்ல.”

அப்படி ஒரு காற்றும் அடிக்கவில்லை, ஒரு பேனலும் உடையவில்லை என்பது பண்ணை முதலாளி கந்தவேலின் பேச்சு. பேனலின் முதுகில் இருந்த லேபிள் நம்பர்கள் ஷாலினி விற்ற நம்பர்களோடு அப்படியே ஒத்துப்போயின. போலீசுக்கு அது போதும். தீனதயாளனுக்கும் காலையில் அது போதுமாகத்தான் இருந்தது. அவரை இந்த வேலைக்கு அமர்த்தியதே கந்தவேல்தான்.

“சார், இங்க பாருங்க” என்றாள் உண்ணாமலை. குரலில் இருந்த கிண்டல் போயிருந்தது.

அவர் எழுந்து போனார். பேனலின் முதுகுத்தாள் சுண்ணாம்புச் சுவர்போல விரலில் வெள்ளையாக ஒட்டியது. மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். ஒரு வெடிப்பு மேலிருந்து இறங்கி, லேபிளுக்கு அடியில் புகுந்து, கீழ்ப்பக்கமாக வெளியே வந்தது. லேபிளில் ஒரு கீறல்கூட இல்லை.

“தரை வெடிச்ச பிறகு பாய் விரிச்சிருக்காங்க” என்றார் தீனதயாளன்.

“அப்ப லேபிள் புதுசு, முதுகு பழசு. எங்க பெரியம்மா சாயம் பூசிட்டுக் கல்யாணத்துக்கு வந்தாப்புல.”

முன்பக்கம் வந்தார்கள். பக்கத்தில் கிடந்த வேறொரு பேனலின் செல்கள் கருநீலமாக மின்னின. இதில் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் டீ கொட்டிய வேட்டிபோலப் பழுப்பு. உண்ணாமலை மூக்கை அருகில் கொண்டுபோனாள்.

“புளிச்ச வாசனை வருதுங்க. நூடுல்ஸ் கடையில ஊத்துவானே, அந்த வினிகர் மாதிரி. எனக்குப் பசி வேற.”

கண்ணாடியின் கீழ்ப்பகுதி எனத் தோன்றிய இடத்தில் பிளேடால் சுரண்டியதுபோல மெல்லிய கோடுகள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் சிவப்பாக ஏதோ ஒரு துணுக்கு. அவர் அதை நகத்தால் நெம்பி எடுத்துக் காகிதத்தில் மடித்தார். சுரண்டிய இடத்துக்கு அடியில், பழுப்பின் நடுவே, வெளிறிய கறைகள் வளைந்து வளைந்து ஓடின. பாம்பு போன தடம் மாதிரி. உண்ணாமலை போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கந்தவேல் உள்ளே வந்தார். ஐம்பது வயது, நல்ல உயரம், இரண்டு வாரமாகச் சவரம் செய்யாத முகம். சின்னானின் சாவுச் செலவு முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார் என்று ஊரே சொன்னது.

“ஏனுங்க சார், ஏதாச்சும் தட்டுப்படுதுங்களா?”

“பழைய பேனல்ல புது லேபிள் ஒட்டியிருக்காங்க.”

கந்தவேல் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நெனச்சேனுங்க. பொம்பளப் புள்ள, தொழில் பண்ணி முன்னுக்கு வரட்டும்னு குடுத்தனுங்க. பழைய சரக்க என் தலையில கட்டிருச்சே சாமி.” கண் கலங்கியது. தீனதயாளனுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“கண்ணாடியில கீறல் இருக்குதே?”

“சின்னான் தேங்கா நார் போட்டுத் தேய்ப்பானுங்க. சொன்னாக் கேக்க மாட்டான்.”

“மாடியில மத்த ரெண்டையும் பார்க்கலாமா?”

“தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கனுங்க. வெயில் பட்டா மறுபடி கரண்ட் வரும்னாங்க. உங்க உசுருக்கு நான் பதில் சொல்லோணுமுங்களே. நாளைக்கு ஆளு வெச்சுக் கழட்டிக் காட்டறேன்.”

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. முழங்காலும் அதையே சொன்னது. தீனதயாளன் இரும்புப் படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

* * *

சின்னானின் மனைவி அத்தாயி கோழிக் கொட்டகையின் ஓரத்தில் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. கோழிகள் அதற்காக முட்டையிடாமல் இருப்பதில்லை.

“உக்காருங்க சாமி” என்று ஒரு மூட்டையைக் காட்டினாள். கை நிற்கவில்லை.

“அந்தப் பேனல்கள்ல ஷாக் அடிக்குதுன்னு அவர் முன்னாடியே சொல்லியிருக்காராம்மா?”

“சொல்லுவாருங்க. அந்தம்மா வரிசையில கை வெச்சாச் சுருக்குன்னு இழுக்குதும்பாரு. காலையில ஈரத்துல நெம்ப இழுக்குமாம்.”

“அந்தம்மான்னா? பேனல் போட்ட ஷாலினியா?”

“பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் மேல ஏறுனதே இல்ல. அவரு சொல்றது அப்படித்தான். அந்தம்மா வரிசை, அந்தம்மா வரிசைன்னு.”

உண்ணாமலை தீனதயாளனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். இன்னும் ஒரு முடிச்சு ஷாலினியின் கழுத்தில் விழுந்ததுபோல இருந்தது.

“வேற யார்கிட்டயாவது சொன்னாரா?”

“மொதலாளிகிட்டச் சொன்னாருங்க. நல்ல மனுசன். அடுத்த தடவ டவுனுக்குப் போனப்பவே புதுச் செருப்பு ஒண்ணு வாங்கியாந்து குடுத்தாரு. கனமான அட்டைச் செருப்பு. ‘இதப் போட்டுட்டு ஏறுடா சின்னா’ன்னாராம். வேற எந்த மொதலாளிங்க வேலைக்காரனுக்குச் செருப்பு வாங்கித் தருவாரு?” அவள் ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரிசல் இல்லை என்று அடுக்கினாள். “அன்னைக்கும் போட்டுட்டுத்தான் போனாரு. தண்ணியில வழுக்குதுன்னு மேல போயிக் கழட்டிட்டாராட்ட இருக்குதுங்க. செருப்ப மட்டும் கொண்டாந்து குடுத்தாங்க.”

கார் திருச்செங்கோட்டுச் சாலையில் ஏறியது. சோளக்காடு, கிணற்று மேடு, வரிசையாக நிற்கும் போர்வெல் லாரிகள். வெயில் தார் ரோட்டில் தண்ணீர்போல அலைந்தது.

“ஷாலினி தப்பிக்க முடியாதுங்களா சார்?”

“பார்க்கலாம்.”

“நீங்க ‘பார்க்கலாம்’னா ‘முடியாது’ன்னு அர்த்தம். அப்படியே அந்த மெஸ்ஸு முன்னாடி நிறுத்தலாங்களான்னு கேட்டாலும் ‘பார்க்கலாம்’பீங்க.”

“நிறுத்து.”

* * *

பொறியியல் கல்லூரியின் பொருளறிவியல் ஆய்வகத்தில் பேராசிரியர் தமிழ்ச்செல்வி, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். சோலார் பேனல்களை வெந்நீர் ஆவியிலும் விளக்கு வெளிச்சத்திலும் மாதக்கணக்கில் வேகவைத்து, எது எப்போது கெட்டுப்போகிறது என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

“இது கண்ணாடியோட நிறம் இல்ல சார். செல்லோட நிறமும் இல்ல” என்றார். “நடுவுல இருக்கிற பசைத்தாளோட நிறம். என்கேப்சுலன்ட்னு பேரு.”

“எங்களுக்குப் புரியற மாதிரி மேடம்” என்றாள் உண்ணாமலை. “நான் பி.காம்.”

தமிழ்ச்செல்வி மேசை மேலிருந்த ஒரு துண்டைக் காட்டினார். பால் நிறத்தில் வளைந்து கொடுக்கும் ரப்பர் தாள். “மேல கண்ணாடி, கீழ முதுகுத்தாள், நடுவுல செல். செல் அப்பளம் மாதிரி, தொட்டா நொறுங்கும். அதனால மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு இந்தத் தாளை வெச்சு, காத்தை உறிஞ்சி, சூடு பண்ணி அமுக்குவாங்க. உருகி எல்லாத்தையும் கெட்டியாப் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் மழை, தூசி, அதிர்ச்சி எதுவும் செல்லைத் தொடாது. கரண்டும் வெளிய கசியாது. பேனல் இருபத்தஞ்சு வருஷம் உழைக்குதுன்னா இந்தத் தாளாலதான். விளம்பரத்துல இதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க.”

“எதால செய்யறது?”

“ரொம்ப நாளா இ.வி.ஏ.ங்கிற பிளாஸ்டிக். உங்க செருப்போட அட்டை இருக்கே, கிட்டத்தட்ட அதே சரக்கு.”

உண்ணாமலை காலைத் தூக்கித் தன் செருப்பைப் பார்த்தாள். “ஒண்ணு செல்லைக் காப்பாத்துது, ஒண்ணு என்னையக் காப்பாத்துதுங்களா.”

“இ.வி.ஏ. வெயில்ல நின்னு நின்னு பழுப்பாகும். ஈரம் புகுந்தா உள்ளேயே அமிலம் கக்கும். நீங்க சொன்ன வினிகர் வாசனை அதுதான். அது செல் மேல இருக்கிற வெள்ளிக் கம்பிகளை அரிக்கும், பிடிப்பு விட்டுப்போகும், முதுகுத்தாளும் வெடிச்சா ஈரம் வழியா கரண்ட் சட்டத்துக்கு வந்துடும். இப்போ பி.ஓ.இ.ன்னு வேற தாள் வந்திருக்கு, அமிலம் வராது, ஈரத்தையும் அவ்வளவா விடாது. கோழிப்பண்ணை மாதிரி இடத்துக்கு அதைத்தான் போடணும்.”

“ஷாலினியோட லேபிள்ல பி.ஓ.இ.ன்னுதான் இருக்கு” என்றார் தீனதயாளன். “ஆனா மட்டமான தாள் போட்டு ஏமாத்தியிருந்தா, ரெண்டு வருஷத்துல இந்த நிறம் வருமா?”

தமிழ்ச்செல்வி தயங்கினார். “ரொம்ப மட்டமா இருந்தா… வரலாம். இல்லேன்னு சாட்சிக் கூண்டுல சத்தியம் பண்ண மாட்டேன்.”

தீனதயாளன் நாற்காலியில் சாய்ந்தார். பழைய பேனலா, மட்டமான பேனலா, எப்படிப் பார்த்தாலும் ஷாலினிதான். ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். கந்தவேலுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

“இது என்ன?” தமிழ்ச்செல்வி கடைசிப் படத்தில் நின்றார். பழுப்புக்கு நடுவே ஓடிய வெளிறிய தடங்கள்.

“பிளேடு கீறல்ங்க மேடம்” என்றாள் உண்ணாமலை.

“கீறல் கண்ணாடி மேல இருக்கு. இந்த வெளுப்பு கண்ணாடிக்கு அடியில, தாள்ல இருக்கு. வெயில் பட்டாத்தான் தாள் பழுக்கும். இந்த இடத்துல மட்டும் வெயில் படல.”

தீனதயாளன் தன் இடது கையைப் பார்த்தார். கடிகாரப் பட்டைக்கு அடியில் தோல் வெளுத்திருந்தது.

“கண்ணாடி மேல ஏதாவது பூசியிருந்தா?”

“பெயின்ட், ஸ்டிக்கர், எதுவா இருந்தாலும் சரி.”

“எவ்வளவு காலம் இருந்திருக்கணும்?”

“சுத்தி இருக்கிற இடம் இவ்வளவு பழுக்கிற வரைக்கும். நாள் கணக்கு இல்ல சார், வருஷக் கணக்கு.”

அவர் காகித மடிப்பைத் திறந்து சிவப்புத் துணுக்கை மேசையில் வைத்தார். எனாமல் பெயின்ட். பிறகு போனை வாங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பாம்புத் தடம் நெளிவதை நிறுத்தி, நேராக நின்றது. சுழி, கால், மேலே புள்ளி.

“யம்மாள்” என்று படித்தாள் உண்ணாமலை. “பேனலைத் தலைகீழா நிறுத்தி வெச்சிருந்திருக்காங்க. யாருங்க சார் இந்த அம்மாள்?”

“மாடியில மிச்சம் இருக்கு” என்று எழுந்தார் தீனதயாளன்.

* * *

அவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கந்தவேல் தீவன லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். தீனதயாளன் அவரிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, மாடிக்கு ஏறினார். உண்ணாமலை முன்பே ஏறி, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

“கையை வைக்காதே.”

“ஒயரப் புடுங்கித்தான் வெச்சிருக்காங்க. இருந்தாலும் நான் கயித்த மட்டும்தான் தொடுவேனுங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

தார்ப்பாய் சரிந்தது. வரிசையில் எல்லாம் கருநீலம். நடுவில் ஒரு காலி இடம், அதன் இரு பக்கமும் இரண்டு பழுப்புப் பேனல்கள். சாய்ந்த வெயில் அவற்றின் மேல் நேராக அடித்தது. கிட்டே நின்றபோது ஒன்றும் தெரியவில்லை. உண்ணாமலை கைப்பிடிச் சுவர்வரை பின்னால் போனாள்.

“சார், இங்க வந்து பாருங்க.”

அவரும் போனார். சுரண்டப்பட்ட கண்ணாடிக்கு அடியில், பழுப்பில் வெளிறிய எழுத்துகள். பேனல்களை முன்பின்னாக மாட்டியிருந்தார்கள். இடது பக்கம் ‘ஜானகி’. வலது பக்கம் ‘உபயம்’.

கோயிலில் ட்யூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் வராத அளவுக்குப் பேர் எழுதும் ஊர். பேனலையும் விட்டுவைக்கவில்லை.

“உபயம் ஜானகியம்மாள்” என்றாள் உண்ணாமலை மெதுவாக. “சார், இந்தப் பண்ணை போர்டுலயே அந்தப் பேருதானுங்களே. ஜானகியம்மாள் கோழிப்பண்ணை. முதலாளியோட அம்மாவா இருக்கும்.”

அந்தம்மா வரிசை. சின்னான் அந்தப் பெயரைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். முதலாளியின் அம்மாவை வேறு எப்படிச் சொல்வார்? தீனதயாளன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலியைவிட வேறெதுவோ வலித்தது. காலையில் இந்தப் படியில் ஏறியிருந்தால், அந்த மனிதரின் கண்ணீரை நம்பாமல் இருந்திருக்கலாம்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கந்தவேல் மேலே வந்தார். சரிந்து கிடந்த தார்ப்பாயைப் பார்த்தார். பேனல்களைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்துத்தான்.

“நல்லாத்தானுங்களே சொரண்டுனேன்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

“பெயின்ட்டைச் சுரண்டிட்டீங்க. பெயின்ட் போட்ட நிழல் உள்ள நின்னுடுச்சு” என்றார் தீனதயாளன். “இது எங்க இருந்த பேனல்?”

“ஊருக் குடிதண்ணித் தொட்டி மோட்டாருக்கு அம்மா நெனப்பா நான் குடுத்ததுங்க. போன வருசம் புதுசு போட்டுட்டு இதக் கழட்டிக் குடுத்துட்டாங்க. அம்மா பேரு எழுதுன பொருளு, காயலாங்கடைக்குப் போட மனசு வரல. காத்துல மூணு ஒடஞ்சுபோச்சு, அந்த எடத்துல நாங்களே மாட்டுனோம். கரண்டு கொறவாத்தான் வந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். எர்த்துக் கம்பி இதுக்குக் குடுக்கோணும்னு எனக்குத் தெரியாதுங்க சார். சத்தியமாத் தெரியாது.”

“அது தெரியாம இருக்கலாம். ஷாக் அடிக்குதுன்னு தெரியும்.”

கந்தவேல் சரிந்த தார்ப்பாயின் நுனியைக் கையில் எடுத்தார்.

“செருப்பு வாங்கிக் குடுத்திருக்கீங்க” என்றார் தீனதயாளன். “ஷாக் அடிக்கிறது தெரியாதவர் எதுக்கு ஒரு வேலையாளுக்குக் கனமான செருப்பு வாங்கிக் குடுக்கணும்? ஸ்விட்சை நிறுத்தி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கலாம்.”

கீழே கொட்டகையில் விசிறிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“கூப்புடலாம்னுதான் இருந்தனுங்க. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போயிருச்சு.” கந்தவேல் தரையில் குந்தினார். “அவன் இந்த எடத்துலதான் கெடந்தான். கீழ அவன் பொண்டாட்டி கத்திட்டு இருந்தா. போலீசு வர்றதுக்குள்ள என்ன பண்றதுன்னு தெரியல. ஒடஞ்ச பேனலோட லேபிளப் பிரிச்சு இதுல ஒட்டுனேன். அந்த ஒடஞ்சதெல்லாம் பழைய கெணத்துல கெடக்குது. பேர மட்டும் பிளேடு வெச்சுச் சொரண்டுனேன். எங்கம்மா பேருங்க. நானே பெயின்ட்டர் பக்கத்துல நின்னு பெருசா எழுதுன்னு எழுத வெச்சேன்.”

“ஷாலினி பேரு மட்டும் ஒட்டியிருந்தாப் போதும்னு நினைச்சீங்க.”

“அந்தப் புள்ளைக்கு வயசிருக்குது, வெளிய வந்துக்கும்னு நெனச்சேன்.”

“என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“கேசு நிக்கோணும்னா வெளியாளு ஒருத்தரோட ரிப்போர்ட்டும் இருந்தா நல்லதுன்னு வக்கீலு சொன்னாருங்க.”

தீனதயாளன் தலையாட்டினார். பழைய முதுகில் ஒட்ட இன்னொரு லேபிள் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு முப்பது வருட அனுபவமுள்ள ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார்கள். அவரும் பாதி ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். எழுத்துகளையும், கிணற்றையும், செருப்பையும் சொன்னார். குரலில் வெற்றி எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார். வரும்வரை மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இறங்க இறங்க எழுத்துகள் மங்கிக்கொண்டே போயின. உண்ணாமலை பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து, பிரிக்காமல் திரும்ப வைத்துவிட்டாள்.

* * *

ஜீப் கந்தவேலை ஏற்றிக்கொண்டு போன பிறகு அவர்கள் அத்தாயியிடம் போனார்கள். சொல்லாமல் காரில் ஏறிவிடலாம் என்று தீனதயாளனுக்குத் தோன்றாமல் இல்லை. நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் யாராவது சொல்வது சரியாக இருக்காது.

அவர் நேராகச் சொன்னார். பேனல் யாருடையது, யார் லேபிள் ஒட்டியது, முதலாளிக்கு எவ்வளவு தெரிந்திருந்தது. அத்தாயி முட்டை அடுக்குவதை நிறுத்தினாள். அன்றைக்கு முதல் முறையாக அவள் கை சும்மா இருந்தது.

“அப்ப அந்தச் செருப்பு?” என்றாள்.

“ஆமாம்மா.”

பக்கத்துக் கூண்டில் ஒரு கோழி தண்ணீர்க் குழாயைக் கொத்திக்கொண்டே இருந்தது.

“எடுத்துட்டுப் போறப்ப மொதலாளி கால்ல உளுந்து கும்புட்டனுங்க” என்றாள். “செலவெல்லாம் அவரு பாத்துக்கறாரேன்னு. எங்க ஊட்டுக்காரரு பொணத்த வெச்சுட்டு அவரு கால்ல உளுந்தேன்.”

உண்ணாமலை மூட்டையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வந்தாங்க, போலீசு, எடம் காட்டறதுக்கு” என்றாள் அத்தாயி. “அது ஜீப்புல இருந்து எறங்கறப்ப நான் மண்ண வாரித் தூத்துனனுங்க. ‘நீ வெளங்க மாட்டே, உன்ற குடி வெளங்காது’ன்னு. அது ஒண்ணும் சொல்லல. கண்ணுல உளுந்த மண்ணத் தொடைக்கக்கூடக் கையில்ல, புடிச்சுட்டு இருந்தாங்க.”

முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“எப்பங்க அத வெளிய உடுவாங்க?”

“கோர்ட்ல சொல்லணும். இன்ஸ்பெக்டர் எழுதிக் குடுத்துட்டா நாளைக்கோ மறுநாளோ.”

“நீங்க போவீங்களா?”

“போவோம்மா.”

அவள் அடுக்கி முடித்த அட்டைகளைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தாள். எழுந்து சேலையை உதறினாள்.

“அப்ப வண்டியில எனக்கும் ஒரு எடம் குடுங்க சாமி. அது வெளிய வாரப்ப நான் அங்க நிக்கோணும்.”